காலை இழந்த முன்னாள் படைவீரர் விளையாட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ராணுவப் பணியில் கண்ணிவெடியில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக் காலுடன் நன்றாக நடக்கிறார். ஆனாலும் வெளியே போவதில்லை. ஒரு காலத்தில் கபடி ஆடியவர். இனி அவர் விளையாட முடியுமா? – வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: கட்டாயம் முடியும். நாகாலாந்தைச் சேர்ந்த ஹொகாட்டோ ஹொடொஷே செமா, அசாம் ரெஜிமெண்டில் பணியாற்றுகையில், 2002இல் கண்ணிவெடியால் உங்கள் கணவரைப் போலவே இடது காலின் கீழ்ப்பகுதியை இழந்தவர். அவர் குண்டு எறிதலைத் தொடங்கியது 2016இல்தான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமது 40ஆம் வயதில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்றார். பதக்கத்தைவிட, காயத்துக்கும் தொடக்கத்துக்கும் இடையில் கழிந்த அந்த நீண்ட இடைவெளியையே உங்கள் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

முதலில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக் வழியாக மருத்துவரைப் பார்த்து, இதயம், இரத்த அழுத்தம், எஞ்சிய காலின் தோல் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அன்றாட நடைக்காகச் செய்த செயற்கைக் கால் ஓடவும் குதிக்கவும் ஏற்றதன்று. வியர்வையில், எஞ்சிய கால் பொருந்தும் சாக்கெட் என்ற குழிவான பகுதிக்குள் தோல் உராய்ந்து புண்ணானால் வாரக்கணக்கில் நடையே தடைபடும். ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் செயற்கைக் காலைக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். கால் மணி நேரத்திலும் சிவப்பு மறையாவிட்டால் சாக்கெட்டைச் சரிசெய்யும் வரை ஓய்வு தேவை.

இந்தக் காரணத்தால், உட்கார்ந்து ஆடும் விளையாட்டையே முதலில் பரிந்துரைப்பேன். செமா எறிவதும் தரையில் கட்டப்பட்ட இருக்கையில் அமர்ந்துதான். கபடி ஆடியவருக்கு என் முதல் தேர்வு சக்கர நாற்காலி கூடைப்பந்து. அன்றாடம் நடப்பவர்களும் அதை ஆடலாம். உடல் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி தரப்படும்; இயக்கம் குறைந்தவருக்குக் குறைந்த புள்ளி. களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது என்பதால், கடுமையான பாதிப்புள்ளவருக்கும் அணியில் உறுதியாக இடமுண்டு. படைப்பிரிவில் தோழர்களுடன் வாழ்ந்து பழகியவருக்குத் தனியாக உடற்பயிற்சி செய்வதைவிட இந்தக் கூட்டு வாழ்வு பெரிதும் உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். சக்கர நாற்காலி கூடைப்பந்தின் இந்தியக் கூட்டமைப்பு சென்னையிலேயே இயங்குகிறது. அருகில் பயிற்சி நடக்கும் இடத்தை அவர்களிடம் கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வெடிச்சத்தம் அவரை இன்னும் உலுக்குகிறதா, தூக்கம் கெடுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஓட்டப்பந்தயத் துப்பாக்கியின் ஒலிகூடச் சிலரைக் கலங்கடித்துவிடும். அப்படியிருந்தால் பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மனநல மருத்துவரையும் பாருங்கள். முதல் நாளிலேயே சேர்ந்தாக வேண்டும் என்று வற்புறுத்தாமல், ஒரு மாலை வேளையில் ஆட்டத்தைப் பார்க்க மட்டும் அழைத்துச் செல்லுங்கள்.