இன்ட், லாங் இரண்டும் 4 பைட் என்றால் லாங் எதற்கு?

சி மொழியில் முழு எண்களை வைக்கும் வகைகள் இன்ட் (int), லாங் (long). விண்டோஸில், ஒரு வகைக்கு எத்தனை பைட் என்று சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் 4 வருகிறது, பாடப்புத்தகத்தில் இன்ட் 2 பைட் என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். சி மொழியின் தரவரையறை இன்ட் இத்தனை பைட் என்று அறுதியிட்டுச் சொல்வதே இல்லை. இன்ட் குறைந்தது 16 பிட் (இன்றைய கணினிகளில் 8 பிட் ஒரு பைட்), லாங் குறைந்தது 32 பிட், 1999 வரையறையில் சேர்ந்த லாங் லாங் (long long) என்ற வகை குறைந்தது 64 பிட். அதற்கு மேல் எவ்வளவு என்பது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரைச் செய்தவர்கள் முடிவு.

சி பிறந்த காலத்தில் இயந்திரங்கள் அப்படி இருந்தன. பிடிபி-11 என்ற அக்காலக் கணினியில் இன்ட் 16 பிட், ஹனிவெல் 6000இல் 36 பிட். அந்தந்த இயந்திரத்துக்கு எது இயல்போ அதுவே இன்ட். உங்கள் புத்தகத்தின் 2 பைட் கணக்கு, நம்மூர்க் கல்லூரி லேப்களில் நெடுங்காலம் ஓடிய டர்போ சி-யினுடையது. அது டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான 16 பிட் கம்பைலர். 32,767-க்கு மேல் அதன் இன்ட்டில் நிற்காது.

தொல்லை கொடுப்பது லாங் தான். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான், ஏற்கெனவே எழுதிய 32 பிட் நிரல்கள் உடையக்கூடாது என்று அப்படியே வைத்துவிட்டார்கள். லினக்ஸில் ஒரு ஸ்ட்ரக்சரில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) லாங் வைத்து அப்படியே ஃபைலில் எழுதுங்கள், அந்த ஃபைலை விண்டோஸில் அதே நிரலைக் கம்பைல் செய்து படியுங்கள். லாங்குக்குப் பின்னால் உள்ள எல்லாமே இடம் மாறிக் குப்பையாக வரும். கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தராது. நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயின்டரை லாங்கில் போட்டு வைத்தாலும் இதே கதை: 64 பிட் லினக்ஸில் ஓடும், 64 பிட் விண்டோஸில் பாதி முகவரி வெட்டுப்படும்.

அதனால் என் கருத்து இது: கணினியை விட்டு வெளியே போகும் எந்த எண்ணுக்கும், அதாவது ஃபைல், நெட்வொர்க் எதுவானாலும், லாங் என்று எழுதவே எழுதாதீர்கள். ஸ்டட்இன்ட் (stdint.h) ஹெடரைச் சேர்த்து இன்ட்32_டி (int32_t), யூஇன்ட்64_டி (uint64_t) என்று எழுதுங்கள். அளவு பெயரிலேயே இருக்கிறது, படிப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. சாதாரண லூப்புக்கு இன்ட் போதும். அரேயின் நீளத்துக்கு சைஸ்_டி (size_t). (பைட் வரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவது தனிப் பிரச்சினை, அதை இன்னொரு கேள்வியாகக் கேளுங்கள்.)

பின்னால் வந்த மொழிகள் இதைப் பார்த்துத்தான் திருந்தின. ஜாவாவில் இன்ட் எங்கே ஓடினாலும் 32 பிட், லாங் 64 பிட். ரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய் ஐ32 (i32), யூ8 (u8), எஃப்64 (f64) என்று பிட் அளவையே பெயரில் வைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அப்புறம், சி-யின் சார் (char) என்ற வகை. அது எழுத்து அல்ல, ஒரு பைட், அவ்வளவுதான். எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு "அ"-வுக்கே 3 பைட் வேண்டும். "கு" என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்தது, அதனால் 6 பைட். "அம்மா"வை, பைட்டுகளை எண்ணும் ஸ்ட்ர்லென்னில் (strlen) கொடுத்தால் 15 வரும். ரஸ்டின் சார் 4 பைட்தான், ஆனால் அதிலும் "கு" ஒரே சாரில் அடங்காது. தமிழ் எழுத்துகளை எண்ண வேண்டுமென்றால் ஐசியூ (ICU) போன்ற நிரல் நூலகத்தில் கிராஃபீம் கணக்கு, அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணும் முறை, இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.