எதிர்க்காற்றே எங்கள் ஏற்றம்

கேள்வி: தம்பி நோர்வேயின் கரையோர மலைவீதிகளில் சேர்ந்து சைக்கிள் ஓடக் கூப்பிடுகிறான். யாழ்ப்பாணத்தில் ஏற்றமே இல்லையே, எப்படிப் பழகுவது?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, கீரிமலையைப் பெயரை வைத்து நம்பிப் போகாதீர்கள், பழகுகிற அளவுக்கு அங்கே மலை இல்லை. எங்களுக்குக் கிடைத்த ஏற்றம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுத்தான். வைகாசி, ஆனி மாதங்களில் பின்னேரம் பண்ணைப் பாலம் தாண்டி வேலணைப் பக்கம் ஓடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பனையும் கிடையாது. நான் அங்கேதான் பழகினேன். புங்குடுதீவுப் பாலத்தில் முகத்தில் அடிக்கும் காற்றோடு உழக்கியபோது என் தொடை எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை வரை சுமார் 30 கிலோமீற்றர். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும்.

ஐந்து நிமிடம் பாரமான கியரில் மெதுவாக உழக்குங்கள், அப்புறம் இலேசான கியரில் ஆறுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஏற்றத்தில் உங்கள் உடல் எடையும் சுமையும் கீழே இழுக்கும், எதிர்க்காற்றில் அது பெரிதாகத் தெரியாது. அதனால் பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு ஓடினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நோர்வே போனதும் முதல் நாள் சிறிய ஏற்றமாகவே தொடங்குங்கள்.

இறக்கத்துக்கு இங்கே பயிற்சியே இல்லை. எனக்கு அதுதான் கவலை. பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

வீடு வந்ததும் கடற்காற்றின் உப்புப் போகச் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.