லியூ சியா செய்த பாவம் என்ன?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், சிறையில் இருந்ததால் வர முடியாத சீன எழுத்தாளர் லியூ சியாவ்போவுக்கு நோபல் அமைதிப் பரிசு விழாவில் போட்டிருந்த காலி நாற்காலியின் படத்தை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். "தப்பிக்க வழியிருந்தும் ஓடாத மனுஷன்மா" என்று சிலாகிக்கிறான். எனக்கோ அவர் மனைவி லியூ சியாவை நினைத்தால் வயிறு எரிகிறது. கொள்கைக்காக இவர் சிறைக்குப் போகட்டும். அவளையும் வீட்டுக்காவலில் தள்ள இவருக்கு என்ன உரிமை? இதைக் கேட்டாலே மகன் கோபித்துக்கொள்கிறான். நான் நினைப்பது தப்பா?

– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: தப்பே இல்லை, சகோதரி. உங்கள் மகன் கேட்க மறந்த கேள்வி அது. ஆனால் அதை யாரிடம் கேட்பது என்பதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு.

மகன் சொல்வது நிஜம்தான். 1989 வசந்தத்தில் லியூ சியாவ்போ நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டு மாணவர்கள் திரண்டதைக் கேட்டு ஊருக்கு விமானம் ஏறினார். ஜூன் 4 விடியலில் தியானன்மென் சதுக்கத்தை ராணுவம் வளைத்து நின்றபோது, மிச்சமிருந்த மாணவர்கள் உயிரோடு வெளியேற வழி செய்தவர்கள் அவரும் கூட உண்ணாவிரதம் இருந்த மூவரும்தான். இரண்டே நாளில் கைது. பிறகு 2008-இல் ஜனநாயகம் கேட்டு எழுதிய 'சாசனம் 08'. 2009 கிறிஸ்துமஸ் அன்று 11 ஆண்டுத் தண்டனை. சாட்சியமாக வைத்தது அந்தச் சாசனத்தையும் ஆறு கட்டுரைகளையும்!

இனி லியூ சியா. (ஒரே குடும்பப் பெயர் என்று பார்க்காதீர்கள், சீனாவில் தடுக்கி விழுந்தால் ஒரு லியூ.) அவர் ஒன்றும் அறியாத அப்பாவி இல்லை. கவிஞர், ஓவியர், புகைப்படக்காரர். 1996-இல் அவர் மணக்க முடிவெடுத்தபோது மாப்பிள்ளை ஏற்கெனவே உள்ளே போய்வந்தவர், அப்போதும் மூன்றாண்டு உழைப்பு முகாம் தண்டனையில் இருந்தவர். முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் கல்யாண விருந்து. அதன்பிறகு மாதாமாதம் பெய்ஜிங்கிலிருந்து முகாம் இருந்த தாலியன் வரை புத்தகங்களைச் சுமந்துகொண்டு போவார்.

2010 அக்டோபரில் சிறையில் இருந்த கணவருக்கு நோபல் அறிவித்ததும் லியூ சியாவின் வீட்டு வாசலில் காவல் உட்கார்ந்தது. வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, தொலைபேசி இல்லை. ஏறக்குறைய எட்டு ஆண்டு. 2012-இல் காவலர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து இரண்டு செய்தியாளர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நடுங்கியபடி அழுதுகொண்டே பேசினார். பரிசின் விளைவுகளுக்கு மனதளவில் தயாராகத்தான் இருந்தேன், ஆனால் வீட்டைவிட்டே வெளியே போக முடியாமல் போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். அடுத்த ஆண்டு அவர் தம்பிக்கு மோசடி வழக்கில் 11 ஆண்டு விழுந்தது. புருஷனைப் பணியவைக்கப் பெண்டாட்டியை அடைப்பதும், அவள் வாயை அடைக்கத் தம்பியை அடைப்பதும் யார் செய்த வேலை? உங்கள் வயிற்றெரிச்சல் அங்கே போகட்டும்.

அதற்காக லியூ சியாவ்போவை நான் சாமியாக்கிப் படையல் போட மாட்டேன். முதல் திருமணம் அவர் சிறையில் இருந்தபோதே முறிந்தது. தன் பிடிவாதத்துக்கு வீட்டார் கட்டிய வட்டி அவருக்கே தெரியும். நீங்கள் கேட்டதை அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். "எனக்கு எதிரிகள் இல்லை" என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த நீதிமன்ற உரையிலேயே மனைவிக்கு ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. உன்மேல் வைத்த அன்பு குற்றவுணர்வும் வருத்தமும் நிறைந்தது, சில நேரம் அந்தப் பாரத்தில் தள்ளாடுகிறேன் என்கிறார். மகனை அந்தப் பகுதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சண்டை பாதி குறையும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். நாட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று காலமெல்லாம் மறுத்தவர், 2017-இல் கல்லீரல் புற்றுநோய் முற்றி ஷென்யாங் மருத்துவமனையில் கிடந்தபோது வெளிநாடு போகக் கேட்டார். மனைவியை வெளியே கொண்டுபோய் விடத்தான் என்கிறார்கள் நண்பர்கள். அனுமதிக்கவில்லை. ஜூலை 13 அன்று, 61 வயதில் இறந்தார். இரண்டே நாளில் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்று லியூ சியாவை ஜெர்மனிக்குப் போக விட்டார்கள். வழியில் ஹெல்சின்கி விமான நிலையத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒட்ட வெட்டிய முடி, கண்ணாடி, இரண்டு கையையும் அகல விரித்து வாய் நிறையச் சிரிக்கிறார். மகனிடம் சொல்லி அதையும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.