மாணவிகளுக்கு மட்டுமான ஸ்கூபா பயணம்: படிப்பா, ஊர்சுற்றலா?

கேள்வி கேட்டவர் கடல் உயிரியல் மாணவி. துறையில் மாணவிகளுக்கு மட்டும் ஸ்கூபா பயணம் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது) ஏற்பாடு செய்கிறார்கள், நீச்சல் சுமாராகத்தான் வரும், போனால் படிப்புக்கு உதவுமா, இல்லை வெறும் ஊர்சுற்றலா என்று கேட்கிறார். அந்த 'ஊர்சுற்றல்' நீங்களாக யோசித்ததாக இருக்காது. வீட்டிலோ வகுப்பிலோ யாரோ சொல்லியிருப்பார்கள். இதே மாதிரி மாணவிகள் பயணத்துக்கு நான் கிளம்பியபோதும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

தாராளமாகப் போங்கள். ஆனால் தண்ணீருக்குள் உங்கள் கையில் ஸ்லேட்டும் பென்சிலும் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தருவார்கள் என்றால் அது களப்பணி. இல்லையென்றால் நல்ல பொழுதுபோக்கு, அதிலும் தப்பில்லை. படிப்புக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

எங்கள் பயணத்தின் தொடக்கத்தில் மீனே கண்ணில் படவில்லை. நீச்சல் குளத்தின் அடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது, ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியை, வாயிலிருந்து எடுத்து மறுபடி மாட்டுவது, தோழிக்குக் காற்று தீர்ந்ததாகப் பாவித்து நம் உபரி ரெகுலேட்டரை நீட்டுவது என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தோம். அப்புறம் மிதப்பு. மூச்சை இழுத்தால் உடம்பு மேலே போகும், விட்டால் இறங்கும். ஆனால் உடனே நடக்காது, ஒரு நொடி தாமதித்துத்தான் நடக்கும். அந்தத் தாமதம் பிடிபடும்வரை தரையில் இடிப்பதும் மேலே கிளம்புவதுமாகத்தான் இருக்கும். குளத்தில் இடித்தால் முட்டி சிராயும். பவளத்தில் இடித்தால் பல வருடம் வளர்ந்த கிளை காலில் மாட்டும் ஃபின் துடுப்பின் ஒரே உதையில் முறிந்துவிடும். மிதப்பு கைவராதவரைக் கடலில் கணக்கெடுக்க விடாததற்குக் காரணம் அதுதான்.

கணக்கெடுப்பு கேட்க எளிதாக இருக்கும். பவளத்திட்டுகளைக் கணக்கெடுக்க உலகம் முழுக்கப் பலர் பின்பற்றும் ரீஃப் செக் முறைதான் எங்களுக்கும். 100 மீட்டர் டேப்பைப் பாறைத்திட்டின் மேல் இழுத்துக் கட்டுவார்கள். அதில் 20 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகள், நடுவில் இடைவெளி. ஒவ்வொரு அரை மீட்டரிலும் டேப்புக்கு நேர் கீழே இருப்பது கடினப் பவளமா, மென்பவளமா, பாசியா, மணலா, உடைந்த துண்டுகளா என்று ஸ்லேட்டில் குறிக்க வேண்டும். மேலே அலை உருண்டால் கீழே நாமும் முன்னும் பின்னும் ஆடுவோம், டேப்பும் ஆடும். ஆழம் போகப் போக முதலில் மறைவது சிவப்பு நிறம், அதுவும் ஏமாற்றும். சாம்பல் பழுப்பு என்று நினைத்த கடற்பஞ்சின் மேல் டார்ச் அடித்தால் ரத்தச் சிவப்பாக நிற்கும். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், மீனின் நீளத்தைச் சரியாகச் சொல்வதற்கே அளவு தெரிந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகினோம்.

கிளிமீனைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது பவளத்தைச் சுரண்டும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகவே கேட்கும். பச்சையும் நீலமுமாகப் பளபளப்பது பெரும்பாலும் முதிர்ந்த ஆண். பக்கத்தில் மங்கலான பழுப்பில் மேய்பவை பெரும்பாலும் அதே இனத்தின் பெண்கள். அவற்றில் சில பிற்பாடு ஆணாக மாறும். நிறம் இப்படி வேறுபடுவதால் அந்தக் காலத்து ஆய்வாளர்களே ஒரே இனத்தை இரண்டாக எண்ணிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழுப்பு மீனை விட்டுவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும். இதைப் பாடத்தில் நானும் படித்ததுதான். கூட்டத்தில் எது எது என்று பிரித்து எழுதியபோதுதான் மண்டையில் ஏறியது.

சரி, ஏன் மாணவிகளுக்கு மட்டும்? அதற்கு முன் கலவையான குழுவில் போயிருக்கிறேன். கேமரா ஒருவன் கையில், டேப் இன்னொருவன் கையில், நான் படகில் உட்கார்ந்து யார் எப்போது இறங்கினார்கள், சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தானாக அப்படி அமைந்துவிட்டது. மாணவிகள் மட்டும் போனபோது டேப்பை இழுத்துக் கட்டவும் நாங்கள்தான், சிலிண்டரைத் தூக்கவும் நாங்கள்தான். ஆண்களைத் திட்டுகிறாள் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். எனக்கு மிதப்பைப் பொறுமையாகச் சொல்லித் தந்தவரே ஓர் ஆண் இன்ஸ்ட்ரக்டர்தான். பெண்கள் குழு என்றால் எல்லாவற்றையும் லேசாக்கிவிடுவார்கள் என்பதும் கட்டுக்கதை. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழின் 18 மீட்டர் ஆழ எல்லை எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதில் புதுமையும் ஒன்றுமில்லை. 1970இல் அமெரிக்காவின் டெக்டைட் என்ற கடலடி ஆய்வுத் திட்டத்தில் கடல் உயிரியலாளர் சில்வியா ஏர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் கடலுக்கடியில் சுமார் 15 மீட்டர் ஆழத்தில் இருந்த கூடத்தில் இரண்டு வாரம் தங்கி ஆராய்ந்தார்கள். ஆண்களோடு ஒரே கூடத்தில் தங்கவைக்கத் தயங்கியதால்தான் அந்தத் தனிக்குழுவே உருவானது. மேலே வந்தவர்களிடம் பத்திரிகைக்காரர்கள் லிப்ஸ்டிக் பற்றியும் முடி உலர்த்தும் கருவி பற்றியும் கேட்டார்கள்.

எங்களிடம் அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. நடந்தது வேறு. நாங்கள் எடுத்த கணக்கு ஓர் ஆய்வுக்கட்டுரையில் வந்தது. ஆசிரியர் வரிசையில் எங்கள் பெயர் இல்லை, சரி, அது பெரியவர்கள் விஷயம். நன்றி சொல்லும் பத்தியில் படகுக்காரர் வரைக்கும் வந்திருக்கிறார், எங்களைக் காணோம். படகுக்காரர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, அருமையான மனிதர். ஆனால் ஈர உடையோடு உட்கார்ந்து ஸ்லேட்டில் இருந்ததை அழியுமுன் தாளில் ஏற்றிய கை யாருடையது? கேட்டால் "மாணவர்கள்தானே" என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறது, தெரியும். உங்கள் ஸ்லேட்டைக் கொடுக்குமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நீச்சல் பற்றி. சான்றிதழ் படிப்பு என்றால் பொதுவாக 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். வேகம் முக்கியமில்லை, இப்போதே பழக ஆரம்பித்தால் போதும். மாதவிடாய் நாளில் இறங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: உடம்புக்கு முடிந்தால் இறங்கலாம். ரத்தத்துக்குச் சுறா வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பமாக இருந்தால் மட்டும் கூடாது. சளி பிடித்திருந்தால் வீரம் காட்டாமல் படகிலேயே இருங்கள், காது அடைத்துக்கொண்டு அழுத்தம் சமனாகாது. ஆஸ்துமா இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரல் காற்று இரண்டு மடங்காக விரியும்.

திரும்புவது விமானத்திலா? அப்படியானால் கடைசி டைவ் முடிந்து குறைந்தது 18 மணி நேரமாவது இடைவெளி இருக்கிறதா என்று பயணத்திட்டத்தைப் பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் போடுமுன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.