ஒரே வருடத்தில் மூன்று சர்வாதிகாரிகள்

கேள்வி: சொந்த மக்களையே கொன்று குவிக்கிற சர்வாதிகாரியை இன்னொரு நாடு படை அனுப்பி இறக்கினால் என்ன தப்பு? எங்காவது நடந்திருக்கிறதா?

பதில்: 1979-ல் மட்டும் மூன்று பேர் போனார்கள். ஜனவரியில் வியட்நாம் கம்போடியாவை ஆண்ட போல் பாட்டை விரட்டியது, ஏப்ரலில் தான்சானியா உகாண்டாவின் இடி அமீனை, செப்டம்பரில் மத்திய ஆப்பிரிக்கப் பேரரசர் பொக்காசா லிபியாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து பிரான்ஸ் அவர் நாற்காலியில் வேறொருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. (பொக்காசாவின் முடிசூட்டு விழாவுக்குக் கைகொடுத்ததும் இதே பிரான்ஸ்தான்!)

மூன்றில் ஓரளவு நியாயம் இருந்தது தான்சானியா பக்கம் என்பேன், ஏனென்றால் வம்பை இழுத்தது அமீன். 1978 அக்டோபர் கடைசியில் அவருடைய படை ககேரா ஆற்றுக்கு வடக்கே இருந்த தான்சானிய நிலத்துக்குள் புகுந்து, சர்க்கரை ஆலையிலிருந்து ஆடுமாடு வரை கொள்ளையடித்து, ஆற்றுப் பாலத்தையும் தகர்த்துவிட்டு, இனி இது உகாண்டா என்று அறிவித்தது. "அவரை அடிக்க வலிமை இருக்கிறது, காரணம் இருக்கிறது, எண்ணமும் இருக்கிறது" என்றார் தான்சானிய அதிபர் நைரேரே. அப்புறம் தான்சானியப் படை எல்லையோடு நிற்கவில்லை. நாடு கடந்திருந்த உகாண்டாக்காரர்களும் சேர்ந்துகொள்ள, கடாஃபி அனுப்பிய லிபியப் படையாலும் தடுக்க முடியாமல், ஏப்ரல் 11 அன்று உகாண்டா தலைநகர் கம்பாலா விழுந்தது. நைரேரேக்கு மாலை மரியாதையா கிடைத்தது? ஜூலையில் மன்ரோவியாவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில் சூடான், நைஜீரியா தலைவர்கள் அவரைத்தான் குறை சொன்னார்கள். அமீனோ எந்த வழக்கும் விசாரணையும் இல்லாமல் சவூதியில் இருந்து 2003-ல் செத்தார்.

கேள்வி: அதற்குப் பிறகு உகாண்டா மக்கள் நிம்மதியாக இருந்தார்களா?

பதில்: எங்கே! அடுத்து அதிபராக வந்த லூலேக்கு 68 நாள்தான், அவருக்குப் பின் வந்த பினைசாவும் ஒரு வருடம் தாண்டவில்லை. 1980 டிசம்பர் தேர்தலில், 1971-ல் அமீன் கவிழ்த்த அதே ஒபோட்டே திரும்பி வந்தார். தேர்தலில் தில்லுமுல்லு என்று சொல்லி எதிர்த் தரப்புத் தலைவர் முசெவேனி துப்பாக்கி எடுக்க, லுவேரோ பகுதியில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1986 ஜனவரியில் பதவியேற்ற முசெவேனி இன்னும் இறங்கவில்லை.

கேள்வி: போல் பாட்டை விரட்டிய வியட்நாமுக்கு உலகம் நன்றி சொன்னதா?

பதில்: அடுத்த மாதமே சீனா வியட்நாமுக்குள் படை அனுப்பியது, இதுதான் நன்றி. வியட்நாம் சோவியத் பக்கம் என்பதால் அமெரிக்காவும் சீனாவோடு சேர்ந்துகொண்டது. ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கையோ, விரட்டப்பட்ட போல் பாட் கூட்டத்திடமே தொடர்ந்து இருந்தது.