ஒரே கணினியில் இரண்டு நோட் பதிப்புகள்

கேள்வி: எங்கள் பழைய திட்டம், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் மென்பொருளான நோட் ஜேஎஸ் 16-இல் ஓடுகிறது, புதியதற்கு 22 தேவை. 22-ஐ நிறுவியதும் பழையது ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நூலகத்தின் பிழையைக் காட்டி, பில்டு (நிரலை இயங்கும் வடிவில் தொகுப்பது) ஆகாமல் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் நீக்கி, மறுபடி நிறுவத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் வெளிவந்த 17-ஆம் பதிப்பிலிருந்து நோட், ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐப் பயன்படுத்துகிறது. நிரல் கோப்புகளைத் தொகுக்கும் கருவியான வெப்பேக் 4, ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்துக்கான அடையாளக் குறி) கணக்கிட நம்பியிருக்கும் எம்டி4 முறையை அந்த நூலகம் பழையவற்றின் பட்டியலில் ஒதுக்கிவிட்டதால்தான் உங்கள் பில்டு நிற்கிறது. பழைய முறைகளை அனுமதிக்கும் தெரிவை நோட் ஆப்ஷன்ஸ் என்னும் சூழல் மாறியில் சேர்த்துவிடுமாறு பலர் சொல்வார்கள். அதை ஷெல் அமைப்பில் நிரந்தரமாக எழுதினால், அத்தெரிவையே அறியாத நோட் 16 தொடங்கவே மறுக்கும். ஒரு திட்டத்துக்குப் போட்ட ஒட்டு இன்னொன்றைக் கிழித்துவிடும்.

லினக்ஸ் அல்லது மேக் கணினியானால், நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவியான என்விஎம் போதும். அது ஒவ்வொரு பதிப்பையும் உங்கள் ஹோம் அடைவில் தனித்தனியாக வைத்து, எது முதலில் அகப்பட வேண்டும் என்பதை, கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளைப் பட்டியலிடும் பாத் மாறியின் வழியே தீர்மானிக்கிறது. விண்டோஸில் ஏறத்தாழ அதே பெயரில் கிடைப்பது வேறொரு மென்பொருள். நிறுவுவதைவிட முக்கியமானது, திட்டத்தின் வேர் அடைவில் புள்ளியுடன் தொடங்கும் என்விஎம்ஆர்சி கோப்பில் பதிப்பு எண்ணை எழுதி, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்ப்பது. வெறும் 16 என்று எழுதினால் அவரவர் கணினியில் உள்ள 16-களில் புதியது ஓடும், ஆகவே 16.20.2 என முழுமையாக எழுதுங்கள். மாற்றங்களைத் தானாகப் பில்டு செய்து சோதிக்கும் சிஐ சேவையகமும் அதே கோப்பைப் படிக்கட்டும்.

அடைவு மாறியதும் என்விஎம் தானாகப் பதிப்பை மாற்றாது. என்விஎம் யூஸ் என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். குளோபலாக நிறுவிய தொகுப்புகளும் பதிப்புக்குப் பதிப்பு தனியானவை என்பதால், மாற்றிய பின் ஏதேனும் கட்டளை காணாமற்போனால் பதற வேண்டாம். பைத்தான், ரூபி போன்றவையும் திட்டத்தில் இருந்தால், பல மொழிகளின் பதிப்புகளையும் நிர்வகிக்கும் ஏஎஸ்டிஎஃப் அல்லது மீஸ் பொருத்தமானது. எல்லாக் கருவிகளின் எண்களும் ஒரே கோப்பில் அடங்கும்.

நோட் 16-க்கான ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்றே முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா. வெப்பேக் 5-இன் பிந்தைய வெளியீடுகள் எம்டி4-ஐத் தாமே கணக்கிட்டுக்கொள்வதால், தனிக் கிளையில் அதற்கு மாறிப் பார்த்து, பில்டு தேறியதும் என்விஎம்ஆர்சியில் உள்ள எண்ணை 22-ஆம் பதிப்புக்கு உயர்த்துங்கள்.