அணை, கண்மாய், கிணறு: மதுரைப் பகுதி நீர்மட்டக் கணக்குகள் – கேள்வி பதில்

வைகை அணையின் மட்டம், கண்மாய்களின் இருப்பு, கிணறுகளின் நீர்மட்டம் ஆகியவை எப்படி அளக்கப்படுகின்றன, அளந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று மதுரைப் பகுதி விவசாயிகளும் பிறரும் கேட்ட கேள்விகளும், நீரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அளித்த பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன.

கேள்வி (நெல் விவசாயி, சோழவந்தான்): ஐயா, வைகை அணை நிலவரத்தில் வரத்தையும் வெளியேற்றத்தையும் கன அடியில் சொல்கிறார்கள், இருப்பை மட்டும் மில்லியன் கன அடியில் சொல்கிறார்கள். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? மழை இல்லாத நாட்களிலும் வரத்து ஒரே நாளில் முந்நூறு, நானூறு என்று மாறுவது ஏன்?

பதில்: வரத்தும் வெளியேற்றமும் நொடிக்கு இத்தனை கன அடி என்ற வேகக் கணக்கு, இருப்பு என்பது மொத்தக் கொள்ளளவு. ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால், 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86.4 மில்லியன் கன அடி சேரும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் இருபோகப் பாசனத்துக்கு 900 கன அடி திறந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 78 மில்லியன் கன அடி அணையை விட்டுப் போகிறது. வழக்கமான 120 நாட்களில் முதல் 45 நாட்கள் மட்டும் முறை வைக்காமல் தொடர்ந்து விட்டாலே 3,500 மில்லியன் கன அடி ஆகிவிடுகிறது. அணை 71 அடிக்கு நிரம்பி நின்றாலும் இருப்பு 6,091 மில்லியன் கன அடிதான். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் தொடக்கக் கொள்ளளவான 6,879 மில்லியன் கன அடியில் மீதியை வண்டல் எடுத்துக்கொண்டது. வரத்து தொடராமல் இருப்பை மட்டும் நம்பித் திறந்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வரத்து மாறுவதற்கு வருகிறேன். அணைக்கு வரும் தண்ணீரைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. நேற்றுக் காலை 6 மணி இருப்புக்கும் இன்று காலை 6 மணி இருப்புக்கும் உள்ள வேறுபாட்டோடு, வெளியேற்றிய தண்ணீரையும் ஆவியாகிப் போனதையும் கூட்டித்தான் வரத்தைக் கணக்கிடுகிறார்கள். வைகை அணையின் மேல் மட்டத்தில் ஓர் அடிக்கு ஏறக்குறைய 250 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கிறது. காற்றில் அலையடிக்கும் நேரத்தில் அளவுகோலை அடியில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் படித்துவிட்டால், 25 மில்லியன் கன அடி இருப்பில் ஏறிவிடும். அது வரத்துக் கணக்கில் 290 கன அடியாகத் தெரியும். மறுநாள் சரியாகப் படித்தால் அதே அளவு குறைந்து தெரியும். ஆகவே ஒரு நாள் வரத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஐந்து அல்லது ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். இரு நாட்களின் வரத்து எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீர் எங்கே போயிற்று என்று நடந்த வாக்குவாதங்கள் பலவற்றை நான் கேட்டிருக்கிறேன். அவற்றில் பாதி, அளவுகோலின் இந்தச் சிறு கோட்டில் தொடங்கியவை.

கேள்வி (மேலூர்): எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் மழையே இல்லை, ஆனாலும் வைகை அணை ஏறுகிறது. பெரியாற்றில் திறந்ததாகச் சொல்லும் அளவு மட்டும் வைகைக்கு வந்து சேர்வதில்லை. காரணம் என்ன?

பதில்: வைகை அணையின் தென்மேற்குப் பருவகால வரத்தை முடிவு செய்வது தேக்கடிப் பக்கத்து மழை. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் தண்ணீர், லோயர் கேம்ப் மின் நிலையத்தைக் கடந்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் வழியிலுள்ள குடிநீர்த் திட்டங்களுக்கும் கொடுத்தது போக எஞ்சியதுதான் வைகையை அடைகிறது. வழியில் ஆற்றுப் படுகை உறிஞ்சுவதும் உண்டு. மேலே திறந்த எண்ணும் கீழே வந்த எண்ணும் சமமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

உங்கள் மேலூர்ப் பகுதி அடங்கிய 85,563 ஏக்கர் ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா என்பதை அறிய, இரண்டு அணைகளின் இருப்பையும் கூட்டிப் பாருங்கள். பெரியாற்றில் 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரை தேக்கலாம். 104 அடிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் சுரங்கத்தின் வழியே நமக்கு வராது. ஆகையால் பெரியாறு 115 அடியில் இருக்கிறது என்றால், நமக்குப் பயன்படுவது மேலே உள்ள 11 அடி மட்டுமே.

கேள்வி (செல்லூர்): வைகையில் வெள்ள எச்சரிக்கை எந்த மட்டத்தில் விடப்படும்? அணை நிரம்பாவிட்டால் மதுரைக்கு வெள்ளம் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அணை 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடப்படுகின்றன. இரண்டாவது கேள்விக்கு என் பதில், அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே. மஞ்சளாறு, மருதாநதி போன்றவை அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. கொடைக்கானல் சரிவில் ஓர் இரவு பலத்த மழை பெய்தால், அணை பாதியாக இருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறும். செல்லூரைப் பொறுத்தவரை ஆற்றைவிடக் கண்மாயும் அதன் உபரிநீர் வாய்க்கால்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை. ஐப்பசி, கார்த்திகையில் அணை மட்டத்தோடு மஞ்சளாறு அணை நிலவரத்தையும், அணைக்குக் கீழே வைகையின் குறுக்கே உள்ள பேரணையில் எவ்வளவு கடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (திருமலை நாயக்கர் மகால் பகுதி): ஏ.வி. பாலத்துக்கு அருகே தடுப்பணையில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதே, அதை வைகையின் நீரோட்டமாகக் கணக்கில் எடுக்கிறார்களா?

பதில்: இல்லை. தேங்கி நிற்பதற்கு மட்டம் உண்டு. ஓட்டம் இல்லாவிட்டால் நீரோட்ட அளவு சுழிதான், அதாவது பூஜ்யம். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் ஓட்டம் கூடாமலே மட்டம் உயரும். அங்கே நிற்பதில் நகரின் கழிவுநீரும் கலந்திருக்கிறது.

கேள்வி (கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்க உறுப்பினர், திருப்பரங்குன்றம் வட்டாரம்): எங்கள் கண்மாய் ஐம்பது சதவீதம் நிரம்பியதாகப் பட்டியலில் வந்தது. அதை நம்பி நாற்று விட்டோம். கதிர் வரும் முன்னே மடை வறண்டுவிட்டது. எப்படி?

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அணையின் மட்டத்தை நாள்தோறும் நாடே படிக்கிறது. நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கும் நூற்றுக்கணக்கான கண்மாய்களில் ஒழுங்கான அளவுகோல் நிற்பவை சிலவே. கால், அரை, முக்கால், முழுமை என்று கரையில் நின்று கண்ணால் மதிப்பிட்டே பல பட்டியல்கள் தயாராகின்றன.

கண்மாய் குடம் போன்றதன்று, தாம்பாளம் போன்றது. கரையோரம் ஆழமாகவும், நீர்ப்பிடிப்புப் பக்கம் செல்லச் செல்ல ஆழமற்றும் சரிந்திருக்கும். ஆகவே ஆழத்தில் பாதி தண்ணீர் நின்றால் கொள்ளளவில் பாதி நிற்கிறது என்று பொருளாகாது. பல கண்மாய்களில் அது கால்பங்குக்கும் கீழே இருக்கும். அதிலும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்பது வயலுக்கு ஏறாது. வண்டல் மேடிட்ட கண்மாயில் கணக்கு இன்னும் மோசமாகும், ஏனெனில் பழைய கொள்ளளவு அட்டவணையில் உள்ள எண் தரையில் இன்று இல்லை.

சங்கம் செய்யக்கூடியது இது. மடைத்தூணில், மடையின் அடிமட்டத்தைச் சுழியாக வைத்து, கலங்கின் (உபரிநீர் வழியும் இடத்தின்) உச்சி வரை அரை அடிக்கு ஒரு கோடாக எனாமல் பெயிண்டில் வரையுங்கள். கண்மாய் வற்றும் கோடையில், ஒவ்வொரு கோட்டுக்கும் தண்ணீர் இறங்கும் நாளில், நீர் விளிம்பு எங்கே நிற்கிறது என்று கைப்பேசி வரைபடத்தில் சுற்றி நடந்து பரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் பரப்பைச் சராசரியாக்கி அரை அடியால் பெருக்கினால் அந்த அடுக்கின் கொள்ளளவு கிடைக்கும். அடுக்குகளைக் கீழிருந்து கூட்டிக்கொண்டே போனால் உங்கள் கண்மாய்க்கென்று இன்றைய அட்டவணை உருவாகிவிடும். அடுத்த ஐப்பசியில் நாற்று விடுவதா, சிறுதானியத்துக்குப் போவதா என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், சதவீதத்தைவிட அந்த அட்டவணை பயன்படும்.

கேள்வி (குடியிருப்போர் சங்கம், திருநகர்): எங்கள் ஆழ்துளைக் கிணறு 700 அடி. அப்படியென்றால் எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் 700 அடிக்குப் போய்விட்டதா?

பதில்: கிணற்றின் ஆழம் வேறு, நீர்மட்டம் வேறு. மதுரையின் அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் வகைக் கடினப் பாறை. மேலே சில பத்து அடிக்குச் சிதைந்த பாறை. அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர். 600 அடியில் ஒரு வெடிப்பைத் துளை தொட்டாலும், அங்குள்ள அழுத்தத்தால் தண்ணீர் மேலேறி 90 அடியில் நிற்கக்கூடும். மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து எங்கே நிற்கிறதோ அதுவே நீர்மட்டம். மோட்டார் ஓடும்போது அளந்தால், இறைப்பால் இறங்கிய மட்டத்தைத்தான் அளப்பீர்கள். புதிதாகத் துளையிடும்போதே அரை அங்குலக் குழாய் ஒன்றை மோட்டார்க் குழாயோடு சேர்த்து இறக்கிவிட்டால், பின்னாளில் மட்டம் அளக்கும் கருவியின் கம்பி சிக்காமல் இறங்கும்.

கேள்வி (விவசாயி, உசிலம்பட்டி): மழை பெய்ததும் கிணற்றில் பத்து அடி தண்ணீர் ஏறியது. நிலத்தடி நீர் பெருகிவிட்டது என்று மகிழ்ந்தோம். நான்கு முறை இறைத்ததும் பழையபடி இறங்கிவிட்டது. ஏறிய தண்ணீர் எங்கே போனது?

பதில்: ஏறிய தண்ணீரே கொஞ்சம்தான். நம் பக்கத்துச் சிதைந்த பாறையில், எடுக்கத் தக்க தண்ணீர் அதன் மொத்தக் கனஅளவில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். ஓர் ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 60,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்து நடை. அதே ஏக்கரில் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 1,00,000 லிட்டர் வேண்டும். ஒரு தடவை பாய்ச்சுவதற்கே ஒன்றரை மீட்டருக்கு மேல் மட்டம் இறங்கும் கணக்கு இது. பக்கத்து நிலங்களிலிருந்து ஊறி வருவதால்தான் நடைமுறையில் அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. பக்கத்திலும் எல்லாரும் இறைத்தால் அந்த உதவியும் இல்லை. கடினப் பாறைப் பகுதியில் மட்டம் வேகமாக ஏறுவது வளத்தைக் காட்டுவதன்று; இடம் குறுகியது என்பதையே காட்டுகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி, திருமங்கலம்): வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் கருவி இல்லாமல் அளக்க முடியுமா ஐயா?

பதில்: முடியும் அம்மா. வளைவில்லாத, ஒரே அகலமுள்ள பத்து மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதி முங்கி மிதக்கும் எலுமிச்சம்பழத்தை விட்டு, கடக்கும் நேரத்தைச் சில தடவை குறித்துச் சராசரி எடுங்கள். இருபது நொடி ஆனால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு அரை மீட்டர். அடியிலும் ஓரத்திலும் தண்ணீர் மெதுவாக ஓடுவதால் அதை 0.85-ஆல் பெருக்குங்கள். வாய்க்கால் 3 மீட்டர் அகலமும் 0.6 மீட்டர் ஆழமும் இருந்தால் குறுக்குப் பரப்பு 1.8 சதுர மீட்டர். நீரோட்டம் நொடிக்கு 0.765 கன மீட்டர், அதாவது 27 கன அடி. அளவு நிலையங்களில், நீரின் வேகத்தை அளக்கும் நீரோட்டமானியை ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே இறக்கி, அகலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து இதையே இன்னும் துல்லியமாகச் செய்கிறார்கள். பின்னர் எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்ற வரைகோட்டைத் தயாரித்துவிட்டு, நாள்தோறும் மட்டத்தை மட்டும் படிக்கிறார்கள். மணல் அள்ளியோ மண் சேர்ந்தோ படுகை மாறினால் அந்த வரைகோடு பொய்யாகிவிடும். புதிதாக அளந்தே தீர வேண்டும். வெள்ள நேரத்தில் இந்தப் பயிற்சிக்கு இறங்க வேண்டாம்.

கேள்வி (வாடிப்பட்டி): எங்கள் குறுவட்டம் ‘அதிநுகர்வு’ என்று அறிவிக்கப்பட்டுள்ளது. என் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே?

பதில்: அந்த வகைப்பாடு ஒரு கிணற்றைப் பற்றியதன்று. குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) முழுவதும் ஓராண்டில் எடுத்துக்கொள்ளத் தக்க நிலத்தடி நீரில் எத்தனை சதவீதம் இறைக்கப்படுகிறது என்பதே அளவு: 70 சதவீதம் வரை பாதுகாப்பானது, 90 வரை மிதமான அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. உங்கள் கிணறு கண்மாய்க்குக் கீழே ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் வயல்களில், இருந்தால் கடைசி வரை நீர் இருக்கலாம். அதே குறுவட்டத்தின் மேட்டு நிலத்தில் கிணறுகள் மாசியிலேயே வற்றியிருக்கும்.

கேள்வி (ஊராட்சி வார்டு உறுப்பினர், அலங்காநல்லூர் ஒன்றியம்): அரசே அளக்கும்போது நாங்கள் தனியாகக் கிணறுகளை அளப்பதில் பயன் உண்டா? எத்தனை கிணறுகள் வேண்டும்?

பதில்: நிச்சயம் உண்டு. மாநில நிலத்தடி நீர்ப் பிரிவு மாதந்தோறும், மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறையும் தேர்ந்தெடுத்த கிணறுகளில் அளக்கின்றன. அவை மாவட்டத்தின் போக்கைச் சொல்லும். உங்கள் ஊரில் அந்தக் கிணறு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். கடினப் பாறையில் அரை மைல் தள்ளி இருக்கும் கிணறு வேறு கதை சொல்லும்.

மூன்று கிணறுகளில் தொடங்குங்கள்: கண்மாய்க்கு மேலே ஒன்று, ஆயக்கட்டில் ஒன்று, மேட்டுக்காட்டில் ஒன்று. கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் உளியால் ஒரு குறி போட்டு, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். சுவரின் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து உள்ள ஆழம் கிடைக்கும். இரவு இறைக்காமல் விட்ட காலை நேரத்தில், எடை கட்டிய நாடாவின் கடைசி இரண்டு அடிக்குச் சுண்ணக்கட்டி பூசி இறக்குங்கள். நாடாவைச் சுருட்டும்போது சுண்ணம் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். குறியில் நின்ற எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் மட்டம். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதியில் அளந்தால் மறக்காது. தையில் எடுத்ததை அடுத்த தையோடும், வைகாசியில் எடுத்ததை அடுத்த வைகாசியோடும் ஒப்பிடுங்கள். தையையும் வைகாசியையும் ஒப்பிட்டுக் குறைந்துவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை, அது ஆண்டுதோறும் நிகழும் இறக்கம். கிணற்றைத் தூர் வாரினாலோ, பக்கத்தில் புதிய ஆழ்துளைக் கிணறு போட்டாலோ, கண்மாய் மறுகால் பாய்ந்தாலோ, அந்தத் தேதியையும் அதே நோட்டில், அதே வரிக்கு எதிரே எழுதிவையுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு மட்டம் ஏன் இறங்கியது என்று யாராவது கேட்டால், எண்ணைவிட அந்தக் குறிப்புதான் முதலில் தேவைப்படும்.